மூணாறில் ஒரு வார இறுதி: வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடக் கிளம்புங்கள்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு மூணாறு வெளியூர் இல்லை. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும் சத்தத்தில்தான் எங்கள் தெருவே கண் விழிக்கும். என் அத்தை மூணாறு எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவர் லயத்துக்குத்தான், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குத்தான், எங்களை அனுப்புவார்கள். அதனால் மூணாறின் மலையைவிட அதன் அடுப்புதான் எனக்கு முதலில் பழக்கம்.

சனிக்கிழமை மேலே வரும் நம் ஊர் வண்டிகளைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வியூ பாயிண்டில் போட்டோ, அடுத்த வியூ பாயிண்டில் போட்டோ, நடுவில் ஓடுகிற காரிலேயே பீர், ராத்திரி பசிக்குக் கிடைத்த இடத்தில் பிரைடு ரைஸ். இவ்வளவு தூரம் ஏறி வந்து இந்த ஊரின் ருசி என்னவென்று தெரியாமலே இறங்கிவிடுகிறார்கள். கள்ளும் பீரும் இங்கே சாப்பாட்டோடு சேர்ந்தவை, உட்கார்ந்து குடிக்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியை நிறுத்தி, ஞாயிறு காலைச் சாப்பாடு முடியும்வரை சாவியைத் தொடாமல் இருந்தால் இந்த ஊரை முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு ஏற்பாட்டை மனதில் வைத்துத்தான்.

1. தேதி குறிப்பது

காலண்டரில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றாம் தேதி. கேரளத்தில் மாதத்தின் முதல் நாள் மதுக்கடைகளும் பார்களும் மூடியிருக்கும். சம்பள நாளில் பணம் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று வந்த ஏற்பாடு அது. அக்டோபர் 2, ஜூன் 26 போதை ஒழிப்பு நாள், பெரிய வெள்ளி, நாராயண குரு ஜெயந்தி, செப்டம்பரில் அவரது சமாதி நாள் ஆகியவையும் விடுமுறைதான். சனி அல்லது ஞாயிறு இந்த நாட்களில் விழுந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், இல்லை சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறோம் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். அதுவும் நல்ல பயணம்தான்.

பருவம் அடுத்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும் மழை. மண் சரியும், போடியிலிருந்து மூணாறு வரும் வழியில் உள்ள கேப் ரோடு எந்த நேரத்திலும் அடைபடும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களோடு எங்கள் ஜனம் மண்ணுக்குள் போனது அப்படி ஒரு மழையில்தான். செய்தியில் சிவப்பு எச்சரிக்கை என்று சொன்னால் அறைக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் சில எஸ்டேட்களில் புல்லெல்லாம் உறைபனி பூத்திருக்கும். குளிர் தாங்குகிறவர்களுக்கு அது ஒரு தனி சுகம். வரையாடு பார்க்க ஆசை என்றால் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள்.

2. சாவி யாரிடம்

இதை ஊரிலேயே பேசி முடிக்க வேண்டும். மலைக்கு வந்து நாலு பேர் உற்சாகமான பிறகு பேசினால் முடிவு வராது.

எனக்குப் பிடித்த வழி சொந்த வண்டியே இல்லாமல் வருவது. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பவும் வந்துவிட்டது. மதுரையிலிருந்து தினமும் உண்டு, சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் எக்ஸ்பிரஸ் உண்டு. போடி, தேனி பஸ் ஸ்டாண்டுகளிலிருந்து மூணாறுக்கு இரண்டு மாநில பஸ்ஸும் ஓடுகிறது. போடியிலிருந்து 68 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஜன்னல் சீட்டா வலது பக்கமா என்று கவலைப்பட வேண்டாம். 17 கொண்டை ஊசி வளைவிலும் பள்ளத்தாக்கு பக்கம் மாறி மாறி வரும்.

கார்தான் என்றால் ஒரு துளியும் தொடாத ஒருவர் ஓட்ட வேண்டும், அல்லது நான் சொன்னபடி வண்டி இரண்டு ராத்திரி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். "நேற்று ராத்திரிதானே குடித்தேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பீர் பகுதியில் சொல்கிறேன்.

3. வெள்ளி: மலை ஏறுவது

முந்தல் செக்போஸ்ட்டை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டுங்கள். மதியம் இரண்டு மணிக்குப் போடியை விட்டால் சரியாக இருக்கும். வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் கருகல் வாடை அடிக்கும். பனி இறங்கிவிட்டால் ஹைபீம் போடக்கூடாது, வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும்.

போடிமெட்டில் இறங்கி ஒரு கட்டன், அதாவது பால் இல்லாத டீ, குடியுங்கள். அங்கேதான் காற்று மாறும். பின்னால் திரும்பினால் தேனி மாவட்டம் வெயிலில் வெளுத்துக் கிடக்கும், முன்னால் ஏலக்காட்டு ஈரம். அதன் பிறகு பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. போடிமெட்டுக்கு அப்பால் சாலையை அகலமாக்கியிருக்கிறார்கள். தேவிகுளம் பக்கம் டோல் உண்டு, பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

ஆனையிறங்கல் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. யானை இறங்கித் தண்ணி குடிக்கும் இடம் அது. அந்தப் பக்கம் சின்னக்கானலில் ஒரு கொம்பன் ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசியைத் தின்று பழகிவிட்டது. அதனால் அதற்கு அரிக்கொம்பன் என்றே பெயர். 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்தில் அது நம் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. கடைசியில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அரிசிக்கு ஏங்கிய ஒரு மிருகத்தை ஊர் ஊராக மாற்றிய அந்தக் கதையை இங்கே டீக்கடையில் இன்னமும் வருத்தமாகத்தான் சொல்வார்கள். அந்த வழியில் காரை நிறுத்தி இலை போட்டுச் சாப்பிடாதீர்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போகவே போகாதீர்கள்.

4. அறை

சிறிய விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு டவுனிலோ பழைய மூணாறிலோ தங்குங்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மலை உச்சியில் ரிசார்ட் எடுத்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டி வரும், ஏற்பாடே கெட்டுவிடும். சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து போகிற தூரமா, வெந்நீர் எத்தனை மணிவரை வரும், வண்டி நிறுத்த உள்ளே இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் போனில் கேளுங்கள். ஒருமுறை ஒரு விடுதியில் "பார்க்கிங் உண்டு" என்று சொல்லிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரத்தைக் காட்டினார்கள். அன்றைக்கு நான் குடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தண்ணீர் பாட்டில் ஸ்டீலில் கொண்டுவாருங்கள். இங்கே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை.

5. சனி காலை: சந்தையும் புட்டும்

ஏழு மணிக்கு எழுந்து சந்தைக்கு நடந்துவிடுங்கள். வட்டவடையிலிருந்து கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் வந்து இறங்கியிருக்கும். அந்தப் பூண்டைப் பாருங்கள். பல் சின்னது, ஆனால் நகத்தால் கீறினாலே வாசம் கையில் ஒட்டிக்கொள்ளும். காந்தளூர்-வட்டவடைப் பூண்டு என்று புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கூடவே காந்தாரி மிளகாய், ஊரில் சீனி மிளகாய் என்கிறோமே, அதன் வெள்ளையும் பச்சையும் குவித்து வைத்திருப்பார்கள். இதெல்லாம் வாங்குவது ஞாயிற்றுக்கிழமைக்கு. இன்றைக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு புட்டும் கடலையும். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். குழாயிலிருந்து புட்டு தள்ளப்படுவது உங்கள் கண்ணுக்குத் தெரியும் கடையாக இருக்க வேண்டும். மேல் மூடி துளையில் ஆவி நூலாக வந்துகொண்டிருக்கும். புட்டுக்காரர் குழாயைப் படுக்கவைத்து, பின்பக்கம் கம்பியை விட்டு ஒரே தள்ளாகத் தள்ளுவார். தட்டில் வந்து விழும்போது அது உடையாமல் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் மாவில் தண்ணீர் தெளித்த கை பழகிய கை. உடனே உட்காருங்கள். கடலைக் கறியை ஒரே தடவையில் மொத்தமாக ஊற்றாமல் ஓரத்திலிருந்து பிசைந்து சாப்பிடுங்கள், கடைசிக் கவளத்தை நேந்திரம் பழத்தோடு.

ஒரு வார்த்தை விஷயம். மூணாறில் தமிழே போதும், பாதி ஊர் நாம்தான். அடிமாலிப் பக்கம் இறங்கினால் மலையாளம் வேண்டும். அங்கே "கறி" என்றால் குழம்பு, இறைச்சி இல்லை. "வெள்ளம்" என்றால் குடிக்கிற தண்ணீர். அது இளஞ்சிவப்பாக வந்தால் பயப்படாதீர்கள், பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்தது. போதும் என்பதற்கு "மதி". இந்த மூன்று வார்த்தை தெரிந்தால் எந்தக் கடையிலும் உட்காரலாம்.

பத்து மணிக்கு மேல் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள டீ மியூசியத்துக்குப் போகலாம். அங்கே போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1908 முதல் மூணாறில் ரயில் ஓடியது. குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் நம் போடி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் தண்டவாளத்தை அடியோடு வாரிக்கொண்டு போய்விட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அதை 99-ஆம் வருஷத்து வெள்ளம் என்பார்கள். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

6. சனி மதியம்: கள்ளுக்கடை

இதுதான் பயணத்தின் நடு வேளை. அவசரப்படாமல் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதனால் நம்மில் பலருக்குக் கள்ளு என்றால் தாத்தா சொன்ன கதை. கேரளத்தில் அது உரிமம் பெற்ற கடையில், பகல் வெளிச்சத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இடம். கருப்பு வெள்ளைப் பலகையில் "கள்ளு" என்று மலையாளத்தில் பெரிதாக எழுதியிருக்கும். பல கடைகளில் பெண்களும் குழந்தைகளும் உட்காரத் தனி அறை உண்டு. குடிக்காதவர்கள் சாப்பிட மட்டும் போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

மூணாறிலிருந்து ஆனச்சால், அடிமாலிப் பக்கம் இறங்குங்கள். வாடகை ஜீப்போ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். போக, வர, இரண்டு மணி நேரம் காத்திருக்க, மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். எந்தக் கடை என்று ஓட்டுநரிடமே விடலாம், ஆனால் "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்று கேட்காமல் "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

பன்னிரண்டு மணிக்கு அங்கே இருங்கள். கள்ளுக்கு நேரம் முக்கியம். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது வெறும் இனிப்புச் சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும், சில மணி நேரத்தில் நாலைந்து சதவீதம் ஆல்கஹால் ஏறிவிடும். காலைக் கள்ளு இனிப்பாக, லேசாக இருக்கும். மதியம் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். சாயங்காலம் புளிப்பு மூத்து, தலைக்கு ஏறும். மறுநாள் வினிகர். ருசிக்கு மதியம்தான். இந்த மலைப் பக்கத்தில் தென்னங்கள்ளோடு கூந்தல்பனைக் கள்ளும் சில இடத்தில் கிடைக்கும். கிடைத்தால் இரண்டையும் அரைக் குப்பி அரைக் குப்பியாகக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல கள்ளை எப்படி அறிவது? கிளாஸில் ஊற்றியதும் கழுவிய அரிசித் தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். ஓரத்தில் பொடி நுரை ஓயாமல் மேலே வர வேண்டும். இரண்டொரு தேனீ விழுந்து கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள், மரத்திலிருந்து நேராக வந்ததற்கு அது அடையாளம். முதல் வாயில் நாக்கில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டினால், நுரை சோம்பிக் கிடந்தால், அந்தக் கிளாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் அதை மீறி, வந்த கடைக்கு மரியாதை என்று முழுக் குப்பியையும் முடித்தேன். மறுநாள் முழுக்க மண்டைக் குத்து. அந்தக் கடைப் பக்கம் பிறகு போகவில்லை.

இனி சாப்பாடு. முதலில் கப்பாவும் மீன் கறியும். கப்பா நம் மரவள்ளிக்கிழங்குதான். வேகவைத்து, தேங்காயும் காந்தாரியும் மஞ்சளும் அரைத்துப் போட்டுக் கிண்டியிருப்பார்கள். மீன் கறி மண்சட்டியில் வரும், கருஞ்சிவப்பாக. நம் ஊர்ப் புளி இல்லை, புகையில் காயவைத்த குடம்புளி. அதன் துண்டு ஒன்று கருப்பாக, தோல் செருப்பு வார் மாதிரி குழம்பில் கிடக்கும். அதைத் தின்னாதீர்கள், சாறு முழுக்கக் குழம்பில் இறங்கிவிட்டது. கப்பாவை விரலால் அழுத்தி, நடுவில் குழி செய்து, குழம்பை எடுத்து, ஒரு வாய். அப்புறம் ஒரு மடக்கு கள்ளு. காரம், புளி, மாவு, இனிப்பு நான்கும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். கள்ளுக்கடைச் சாப்பாடு ஏன் இவ்வளவு காரம் என்பதற்கு அந்த ஒரு மடக்கிலேயே விடை இருக்கிறது. நேற்று வைத்த மீன் கறி இருந்தால் அதையே கேளுங்கள். குடம்புளிக் குழம்பு மறுநாள்தான் அடங்கி ருசிக்கும்.

அடுத்து பீப் உலர்த்தியது, அதாவது மாட்டிறைச்சி வறுவல். தேங்காய்க் கொத்து பொன்னிறமாகி, கறிவேப்பிலை மொறுமொறுவென்று, மிளகு தெரிய இருக்க வேண்டும். மிளகு இந்த மாவட்டத்துச் சொத்து, அதில் கஞ்சத்தனம் செய்யும் கடை வேண்டாம். இடுக்கிக்கே உரிய ஒன்று எல்லும் கப்பயும். மாட்டெலும்பை இறைச்சியோடு வேகவைத்து, மசாலா சேர்த்து, கப்பாவோடு கிளறிக் குழைத்தது. மலையில் கிழங்கு நட்டுக் குடியேறிய விவசாயிகளின் கல்யாணப் பந்தியிலிருந்து கடைக்கு வந்த சாப்பாடு. நாலு பேருக்கு ஒரு தட்டு போதும், மஜ்ஜையின் கொழுப்பு சீக்கிரம் வயிற்றை நிறைத்துவிடும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வாத்து, நாட்டுக்கோழி, மத்தி வறுவல். சைவர்களுக்குக் கப்பாவும் காந்தாரிச் சம்மந்தியும். சின்ன உள்ளியும் காந்தாரியும் கல்லுப்பும் நசுக்கி, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். என்னைக் கேட்டால் கள்ளுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. கள்ளு ஊற்றிப் பொங்கவைத்த கள்ளப்பம் இருந்தால் கடைசியில் ஒன்று.

ஆளுக்கு ஒரு குப்பி, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவரவும் வேண்டாம். பாட்டிலுக்குள்ளும் அது பொங்கிக்கொண்டேதான் இருக்கும், இறுக்கி மூடினால் வெடிக்கும்.

7. சனி மாலை: பீர்

அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரமாவது தூங்குங்கள். கள்ளும் பீரும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. எனக்கு ஒரே நாளில் இரண்டும் தேவைப்படுவதில்லை. பீர்தான் வேண்டும் என்பவர்கள் மதியக் கள்ளை ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டால் சரியாக வரும்.

பீர் கிடைக்கும் வழி மூன்று. அரசு பிவரேஜஸ் கடை, பீர்-ஒயின் பார்லர், நட்சத்திர ஓட்டலின் பார். இந்த அமைப்புக்கு ஒரு பின்கதை உண்டு. 2014-இல் கேரள அரசு ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே இருந்த பார்களை மூடியது. மூடியவற்றில் பல பீர்-ஒயின் பார்லர்களாக மாறின. 2017-இல் மூன்று நட்சத்திரத்திலிருந்து மறுபடி அனுமதி தந்தார்கள். டாஸ்மாக் பார் மாதிரி தெருவுக்குத் தெரு தேடாதீர்கள், பெரிய ஓட்டல்களுக்கு உள்ளே பாருங்கள். இன்னொன்று, இங்கே குடிக்க வயது 23. நம் ஊரில் 21. கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து வாசலில் திரும்புவது இதனால்தான்.

எது வாங்குவது? லேபிளில் சதவீதத்தைப் படியுங்கள். லாகர் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும், ஸ்ட்ராங் எட்டு வரை போகும். 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி பிராந்தியில் சுமார் 26 மில்லி. ஆக ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜ். "பீர்தானே" என்று சொல்லும்போது இது நினைவில் இருக்க வேண்டும். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் ஆல்கஹாலைக் கரைக்கும். ஒரு ஸ்ட்ராங் பாட்டிலில் சுமார் 41 கிராம், கரைய நாலு முதல் ஆறு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பாட்டில் முடித்தவர் காலை எட்டு மணிக்கும் முழுசாகத் தெளியாமல் இருக்கலாம். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஞாயிறு காலை சாவியைத் தொடாதே என்று நான் முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

என் சிபாரிசு லாகர். மூணாறுக் குளிரில் அதை ஐஸ் மாதிரி குளிரவைக்க வேண்டியதில்லை. ரொம்பக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியாது. பொரோட்டாவும் கொஞ்சம் ஈரமான பீப் ரோஸ்ட்டும் அதற்கு நல்ல ஜோடி. மசாலா எண்ணெயை லாகரின் லேசான கசப்பு ஒவ்வொரு மடக்கிலும் துடைத்துவிடும். ஸ்ட்ராங் பீரோடு மீன் கறி வைக்காதீர்கள், இரண்டும் கெட்டுவிடும். கேம்ப் பயர் பக்கத்தில் குடிப்பவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றக் கூடாது. குடித்ததும் உடம்பு சூடான மாதிரி தோன்றும். உண்மையில் தோல் பக்கம் ரத்தம் ஓடி உள்ளே இருக்கும் சூடுதான் வெளியேறுகிறது.

வியூ பாயிண்ட், அணைக்கரை, தேயிலைக் காடு எங்கேயும் பாட்டில் திறக்காதீர்கள். பொது இடத்தில் குடிப்பது குற்றம். அதைவிட, நீங்கள் விட்டுப்போகும் பாட்டில் உடைந்தால், திங்கட்கிழமை காலை அந்தச் சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்ணின் காலில்தான் ஏறும். என் அத்தையின் இடது பாதத்தில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது.

8. லயத்துச் சாப்பாடு

இது எல்லாருக்கும் வாய்க்காது. எஸ்டேட்டில் சொந்தமோ பழக்கமோ இருந்து கூப்பிட்டால் மட்டும் போங்கள். வீடு வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும், ஒருவர் வீட்டு அடுப்பு வாசம் பத்து வீட்டுக்கும் போகும். காலையில் தடிமனான மைதா ரொட்டி. உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுப் பிசைந்து, கல்லில் மெதுவாக, அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை சுட்டது. தொட்டுக்கொள்ள காந்தாரித் துவையலோ கருவாட்டுக் குழம்போ. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட வசதியான சாப்பாடு, மதியம்வரை பசிக்காது.

அங்கே குடித்துவிட்டுப் போகாதீர்கள், பாட்டிலை அன்பளிப்பாகக் கொண்டுபோகவும் வேண்டாம். அந்த வரிசையில் குடியால் அடிபட்ட வீடு ஒன்றாவது இருக்கும். 2015 செப்டம்பரில் போனஸுக்காக, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் இந்த வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் கையால் ரொட்டி சாப்பிடுவது பெரிய விஷயம். அரைக் கிலோ மீனோ ஒரு சீப்பு பழமோ வாங்கிக்கொண்டு போங்கள்.

9. ஞாயிறு

மெதுவாக எழுந்து, நன்றாகச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள். போடிப் பக்கம் திரும்புகிறவர்கள் வந்த வழியே இறங்கலாம். உடுமலை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு மறையூர் வழி. மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சந்தனக் காட்டுக்கு நடுவில் கரும்பு விளையும் ஊர் அது. 2019-இல் மறையூர்ச் சர்க்கரைக்கு (நம் வெல்லம்தான்) புவிசார் குறியீடு கிடைத்தது. ரோட்டோரம் ஆலைப் புகை தெரிந்தால் இறங்குங்கள். கொப்பரையில் பாகு கொதித்து, மரத்தொட்டிக்கு மாறி, கிண்டக் கிண்ட வெளுத்து இறுகும். கை பொறுக்கும் சூட்டில் ஆள் உட்கார்ந்து உருண்டை பிடிப்பார். ஒவ்வொரு உருண்டையிலும் அவரது விரல் பதிந்திருக்கும். சூடாக ஒன்று கேளுங்கள், கட்டன் சாயாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு கடித்துக்கொள்ள. சின்னார் காட்டை இருட்டும் முன் தாண்டிவிடுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக: பால் டீக்குத் தேயிலைப் பொடி, கட்டனுக்கு இலைத் தேயிலை. அப்புறம் வட்டவடைப் பூண்டு ஒரு கிலோ, மறையூர் உருண்டை, கால் கிலோ காந்தாரி. ஏலக்காயை மட்டும் போடியில் வாங்குங்கள், ஏலம் நடக்கிற ஊர், தரம் பார்த்து எடுக்கலாம். மதுப் பாட்டில் எதுவும் வேண்டாம். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி எடுத்துவந்தால் செக்போஸ்ட்டில் வழக்கு.

காந்தாரியைச் செய்யும் முறை அத்தை சொன்னது. காம்பு கிள்ளி, கழுவி, ஈரம் போகத் துணியில் ஒரு பகல் உலர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. கண்ணாடி பாட்டிலில் போட்டு, கல்லுப்பு இரண்டு ஸ்பூன், மூழ்கும்வரை வினிகர். மூடி வெயில் படாத இடத்தில் வைத்தால் பத்தாம் நாள் பழையசோற்றுக்கு எடுக்கலாம்.